வாயு என்று நினைத்த ராத்திரி

கரிசல்காட்டான்:
அருப்புக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊர். மார்கழி ராத்திரி பத்தரை மணிக்கு, "நெஞ்சைக் கரிக்குதுடா, வாயுதான்" என்றார் சித்தப்பா. சித்தி ஓமத்தண்ணி வைத்துக் கொடுத்தார், நான் சோடா வாங்கி வந்தேன். குடித்துவிட்டுத் திண்ணையில் குனிந்தபடியே இருந்தார். அந்தப் பனியிலும் பனியனைப் பிழிந்தால் சொட்டும், அவ்வளவு வியர்வை. மாரடைப்பு என்று எங்களுக்கு உறைக்கவில்லை. இடது தாடை வலிக்கிறது என்றார். பல்வலி என்று நினைத்தோம். ஒன்றரை மணி நேரம் போய்விட்டது.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸம்மா ஈ.சி.ஜி. எடுத்த கையோடு மாத்திரைகளை எண்ணி அவர் உள்ளங்கையில் வைத்தார். ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின் 2, குளோபிடோகிரல் 4, கொழுப்பைக் குறைக்க அட்டோர்வாஸ்டேட்டின் 8. தமிழக அரசு 2023-இல் கொண்டுவந்த 'இதயம் காப்போம்' திட்டத்து மாத்திரைகள். அங்கிருந்து 108-இல் மதுரை. பலூன் வைத்து ரத்தக்குழாய் அடைப்பை விரித்து, மறுபடி மூடாமல் தாங்கும் கம்பிவலைக் குழாயான ஸ்டென்ட் போட்டார்கள்.

"போன வருஷம் நடக்கவிட்டு இதயத்தைப் பார்க்கிற டிரெட்மில் டெஸ்ட் நார்மல்னாங்களே சார்?" என்று கேட்டேன். டாக்டர் ஒரு தாளில் வரைந்து காட்டினார். இதயத்துக்குள் எவ்வளவு ரத்தம் இருந்தாலும் அதன் தசைக்கு ரத்தம் போவது வெளிப்பக்கம் ஓடும் கரோனரி குழாய்கள் வழியாகத்தான். பீடி, சர்க்கரை, பிரஷர் எல்லாம் அந்தக் குழாயின் உட்சுவரைக் கெடுக்க, கொழுப்பு வருஷக்கணக்கில் படிகிறது. பாதிகூட அடைக்காத படிவுதான் சில சமயம் திடீரென்று வெடிக்கும். வெட்டுக்காயத்தில் உறைவதுபோல ரத்தம் அங்கே உறைந்து குழாயை மூடிவிடும். டெஸ்டில் தெரியாமல் போவது இதனால்தான். அதற்கப்புறம் அந்தப் பக்கத்துத் தசை நிமிஷத்துக்கு நிமிஷம் சாகும். செத்த தசை தழும்பாகிவிடும், திரும்ப வளராது.

இப்போது மாடிப்படியில் பாதியில் நின்று மூச்சு வாங்குகிறார். அந்த ஒன்றரை மணி நேரத்தை என்னால் மறக்க முடியவில்லை.

மணப்பாறைப் பொண்ணு:
எங்க அம்மாவுக்கு வலியே இல்லை அண்ணா. வயது 62, ரொம்ப நாள் சர்க்கரை. மாவு வழித்துக்கொண்டிருந்தவர் கை மாவோடு தரையில் உட்கார்ந்துவிட்டார். வாந்தி, அசதி, அவ்வளவுதான். சர்க்கரையில் நரம்பு மரத்துப்போனால் நெஞ்சுவலி தெரியாமலே மாரடைப்பு வருமாம். முதல் ஈ.சி.ஜி.யில் ஒன்றுமில்லை. வீட்டுக்குக் கிளம்பினோம். டூட்டி டாக்டர்தான், "சுகர் இருக்குல்லம்மா, கொஞ்சம் இருங்க" என்று டிரோபோனின் ரத்தப் பரிசோதனை எடுத்தார். இதயத் தசை சேதமானால் ரத்தத்தில் ஏறும் புரதமாம் அது. மூன்று மணி நேரம் கழித்து மறுபடி எடுத்ததில் ஏறியிருந்தது. அந்த டாக்டரைக் கும்பிடாத நாளில்லை.

சித்தப்பா மாத்திரையை விடாமல் போடுகிறாரா? "நல்லாத்தானே இருக்கேன்" என்று அம்மா நிறுத்தப் பார்த்தார். ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரையை நாமாக நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே உறைந்துவிடுமாம்.

கரிசல்காட்டான்:
போடுகிறார் தங்கச்சி. சித்தி கிழமை வாரியாகப் பிரித்து டப்பாவில் வைத்து, அவர் முழுங்குகிறவரை பக்கத்திலேயே நிற்கிறார். பீடியையும் விட்டுவிட்டார்.