36 வயதுக்குப் பிறகும் முன்வரிசையில நிக்க ஏலுமோ?

குளக்கட்டுக் காத்து (கிளிநொச்சி):
கழகத்தில இந்தமுறை கரப்பந்தாட்ட ரீமும் உதைபந்தாட்ட ரீமும் தெரிவு செய்யேக்க ஒரே வாக்குவாதம். 35 தாண்டின நாலு பேர் இருக்கினம். ஒரு பகுதி “டெனிஸ்காரன் ஜோகோவிச் 37 வயதில ஒலிம்பிக் தங்கம் எடுத்தவர், வயதெல்லாம் சும்மா” எண்டு நிக்குது. மற்றப் பகுதி “அவருக்குப் பின்னால ஒரு பட்டாளமே நிக்குது, இஞ்ச ஆக்கள் வயலால வந்து கால் கழுவிப்போட்டு விளையாட இறங்கிறவை” எண்டு சொல்லுது.

அறிஞ்ச ஆக்களிட்டக் கேக்கிறன். தொழில்முறையில உச்சத்தில இருக்கிறவை 35க்குப் பிறகு எதை இழக்கினம், எது மிஞ்சுது? எங்கட வெயிலுக்கும் கிறவல் தரைக்கும் ஏற்ற மாதிரி என்ன செய்யலாம்? கணக்கோட சொல்லுங்கோ. “மனசு இளமையா இருந்தாச் சரி” எண்ட பதில் தயவுசெய்து வேண்டாம்.

மாங்குளம் சந்தி:
தம்பி, வயதை ஒரே மூட்டையாக் கட்டித் தூக்கினா உந்த வாக்குவாதம் முடியாது. உடம்பில ஒவ்வொரு சாமானும் ஒவ்வொரு வேகத்தில தேயும்.

முதல்ல போறது வெடிச்சுக் கிளம்பிற வேகம். தசையில வேகமாச் சுருங்கிற நார்கள்தான் முந்தி மெலியும். உசைன் போல்ட் 100 மீற்றரை 9.58 செக்கனில ஓடினது 2009இல, 22 வயதில. 2017இல லண்டனில மூண்டாவதா வந்ததோட விட்டிட்டார், அப்ப வயது 30. மரதனுக்குப் போனா கணக்கு மாறுது. கிப்சோகே 2022இல பெர்லினில 2 மணி 1 நிமிசம் 9 செக்கனில முடிக்கேக்க வயது 37. பெகெலே 2024இல லண்டனில ரெண்டாவதா வரேக்க 41. ஒட்சிசனை எடுத்துப் பாவிக்கிற கொள்ளளவு, பயிற்சி இல்லாத ஆளுக்கு 30க்குப் பிறகு பத்து வருசத்துக்குக் கிட்டத்தட்ட 10 வீதம் இறங்கும். விடாமக் கடுமையாச் செய்யிறவைக்கு ஏறக்குறைய அதில பாதி. உச்ச இதயத்துடிப்பை மட்டும் எந்தப் பயிற்சியாலயும் பிடிச்சு வைக்க ஏலாது. வயதை 0.7ஆல பெருக்கி 208இல இருந்து கழியுங்கோ: 25 வயதில 190 சொச்சம், 40 வயதில 180. (இது சராசரி. ஆளுக்கு ஆள் பத்துத் துடிப்பு அங்கால இஞ்சால இருக்கும்.)

ஆனா உச்சத்தில இருக்கிறவையை விழுத்திறது பெரும்பாலும் வேகம் இல்லை, ஆறுற நேரம். ஜோகோவிச்சையே எடுங்கோ. 2025இல நாலு பெரிய போட்டியிலயும் அரையிறுதிக்கு வந்தவர், ஒண்டிலயும் இறுதிக்குப் போகேல்லை. அவுஸ்திரேலியாவில தொடைத்தசை கிழிஞ்சு முதல் செற்றோட விலகினார். மற்ற மூண்டிலயும் சின்னர், அல்கராஸிட்ட நேர் செற்றில தோல்வி. அடி மறந்து போச்செண்டில்லை. ரெண்டு கிழமைக்குள்ள ஆறாவது மட்ச், அதுவும் அஞ்சு செற் ஆட்டம், அதில 22 வயதுப் பெடியனுக்கு முன்னால நிக்க வேணும். ஒரு நாளைக்கு மட்டும் எண்டால் 37 வயதிலயும் அல்கராஸை வெல்லலாம், 2024இல பரிஸ் ஒலிம்பிக் இறுதியில வெண்டும் காட்டினவர்.

அதால மூத்த ஆக்கள் செய்யிற முதல் காரியம் நாட்குறிப்பில வெட்டு. பெடரர் 2017இல களிமண் தரைப் போட்டி முழுக்க விட்டிட்டு, விம்பிள்டனை ஒரு செற்றும் குடுக்காம எடுத்தார், 36க்கு ஒரு மாதம் முந்தி. கிரிக்கெட்டில இங்கிலாந்தின்ர ஜேம்ஸ் அண்டர்சன் 2015 உலகக் கிண்ணத்துக்குப் பிறகு சர்வதேச ஒருநாள் ஆட்டத்தில பந்து போடவே இல்லை. டெஸ்ட் மட்டும். 2024இல லோட்ஸில 704 விக்கெட்டோட முடிக்கேக்க 42க்கு 18 நாள்தான் மிச்சம், அவர் வேகப்பந்துக்காரன் எண்டதை மறக்கப்படாது.

அடுத்தது நிக்கிற இடம். உங்கட ரீமுக்கு இதுதான் முக்கியம். எங்கட தர்ஜினி சிவலிங்கம் 2019 வலைப்பந்தாட்ட உலகக் கிண்ணத்தில ஆகக்கூடின கோல் போட்டவ, 40 வயதில. கோல் போடுற ஆள் தன்ர பக்கத்து மூண்டிலொரு பங்குக்கு வெளியில போக ஏலாது. அப்ப ஓடுற தூரம் குறைவு. உயரத்தை வயது தின்னாது, குறியும் லேசில போகாது. பிரேசில் கரப்பந்தாட்டத்தில செர்ஜின்யோ 2016 ரியோவில தங்கம் எடுத்து, அந்தத் தொடரின்ர சிறந்த ஆட்டக்காரனும் ஆனவர், 40 வயதில. அவர் லிபரோ, பின்வரிசையில பந்து எடுத்துக் குடுக்கிறதுக்கெண்டே நிக்கிற ஆள். எழும்பி அடிக்கிறதும் இல்லை, தடுக்கிறதும் இல்லை. ரங்கன ஹேரத் சுழல் எண்டபடியால்தான் 40 வயதில காலியில விடைபெற்றார். 433 விக்கெட்டில பெரும்பங்கு முரளி போனாப் பிறகு எடுத்தது. கோல் காப்பாளருக்கும் இதே கதைதான். டினோ சொஃப் 1982இல உலகக் கிண்ணம் தூக்கேக்க 40.

விசுவமடு:
மேல சொன்னதெல்லாம் சரி, ஆனா நீங்கள் எண்ணினது மிஞ்சின ஆக்களை. அதே காலத்தில 32இல முழங்கால் போய் வீட்டில இருக்கிற ஆயிரம் பேரை ஒருத்தரும் பட்டியல் போடுறேல்லை. “அவரால ஏலுமெண்டா எங்களால ஏலாதோ” எண்டு கேக்கிறது லொத்தர் விழுந்த ஆளைப் பாத்துக் கடன் வாங்கிற மாதிரி.

இன்னொண்டு. எங்கட முள்ளியவளை அகிலத்திருநாயகி அம்மா 72 வயதில, 2023இல பிலிப்பைன்ஸில 1500 மீற்றரில தங்கம் எடுத்ததையும் இந்தக் கதைக்குள்ள கொண்டு வருவினம். அது பெரிய சாதனை, ஆனா மூத்தோர் மெய்வல்லுநர் போட்டி. அங்க 35இல இருந்து அஞ்சு அஞ்சு வயதாப் பிரிச்சுத்தான் ஓட விடுறது. “25 வயதுக்காரனோட ஒரே கோட்டில நிக்கிறது” வேற கேள்வி. ரெண்டையும் கலக்காதேங்கோ.

குளக்கட்டுக் காத்து:
விளங்குது அண்ணை. அப்ப அந்த நாலு பேரையும் ஒதுக்காம, இருக்கிறதை எப்பிடிக் காப்பாத்திறது? தொடைப் பின்தசையும் குதிக்காலும்தான் ஒவ்வொரு சீசனும் போகுது.

தண்ணீரூற்று பிசியோ:
அந்த ரெண்டும் போறதுக்குக் காரணம் பெரும்பாலும் ஒண்டுதான். 35 தாண்டின உடனை ஆக்கள் “மெதுவா ஓடுவம்” எண்டு முழு வேக ஓட்டத்தை நிப்பாட்டிப் போடுவினம். கிழமை முழுக்கக் குளக்கட்டில மெல்லோட்டம். பிறகு ஞாயிற்றுக்கிழமை மட்சில ஒரு பந்துக்கு முழு வேகத்தில பாயேக்க, மாதக்கணக்காக் காணாத இழுவை தசைக்கு வருது. கிழிய வேண்டியதுதானே.

ஆகவே முழு வேகத்தை விடக்கூடாது, அளவைத்தான் குறைக்க வேணும். கிழமைக்கு ஒருக்கா, 15 நிமிசம் நல்லா உடம்பு சூடாக்கிப் போட்டு 20 முதல் 30 மீற்றர், 4 தொடக்கம் 6 தரம். ஒவ்வொண்டுக்கும் இடையில முழுசா 2–3 நிமிசம் ஆறுங்கோ. மூச்சு வாங்கிக்கொண்டு ஓடினா அது வேகப் பயிற்சி இல்லை, களைப்புப் பயிற்சி. பல மாதம் ஓடாத ஆள் முதல் மூண்டு கிழமையும் முக்கால் வேகத்துக்கு மேல போகப்படாது. மட்சுக்கு முதல் நாளும் அடுத்த நாளும் வேண்டாம். காலமை ஆறு மணிக்குள்ள, புல் இருக்கிற பக்கமாப் பாத்து. காய்ஞ்ச கிறவல் கல்லுத்தரை மாதிரி, ஒவ்வொரு அடியும் குதிக்காலாலதான் ஏறும்.

தொடைப் பின்தசைக்கு: சாக்கை மடிச்சுப் போட்டு முழங்காலில நில்லுங்கோ, கூட ஒராள் கணுக்காலை அமத்திப் பிடிக்கட்டும். முழங்காலில இருந்து தோள் வரை நேரா வைச்சுக்கொண்டு, ஏலுமான அளவு மெதுவா முன்னுக்குச் சாயுங்கோ. தாங்க ஏலாத இடத்தில கையை ஊண்டி விழுந்து, கையால தள்ளி எழும்புங்கோ. முதல் கிழமை ஒரே ஒரு நாள், 5 தரம் ரெண்டு சுற்று. ரெண்டாம் கிழமை ரெண்டு நாள், 6 தரம் ரெண்டு சுற்று. மூண்டாவதில மூண்டு நாள், 6–8 தரம் மூண்டு சுற்று. முதல் நாளே 30 தரம் செய்திட்டு நாலு நாள் நடக்க ஏலாமல் இருந்து, பிறகு அந்தப் பக்கமே வராத ஆக்கள்தான் கூட. இடுப்பு மடியுதெண்டா பயிற்சி தசைக்குப் போகேல்லை எண்டு அர்த்தம்.

குதிக்கால் நாண் (சனம் நரம்பு எண்டு சொல்லுறது) வேற சாமான். வயது போகப் போக அது மெதுவாத்தான் திருந்தும், ஓய்வு குடுத்தா மட்டும் திருந்தாது. கழகக் கட்டடப் படியில முன்பாதத்தால நிண்டு, ரெண்டு காலாலயும் எழும்பி, நோகிற காலால மட்டும் மெதுவா இறங்குங்கோ. முழங்கால் நேரா வைச்சு 15 தரம் மூண்டு சுற்று, கொஞ்சம் மடிச்சு வைச்சு 15 தரம் மூண்டு சுற்று, நாளைக்கு ரெண்டு நேரம், 12 கிழமை. லேசாப் போனா முதுகுப் பையில 5 கிலோ அரிசி போடுங்கோ. செய்யேக்கக் கொஞ்சம் நொந்தாப் பரவாயில்லை, அடுத்த நாள் காலமை முந்தியை விடக் கூடினா பாரத்தைக் குறையுங்கோ. நோ நாணின்ர நடுவில இல்லாம குதி எலும்போட ஒட்டுற இடத்தில இருந்தா படிக்குக் கீழ இறங்கவே கூடாது, சமதரையில மட்டும். இதைப் பாக்காமச் செய்துதான் கனபேர் கூட்டிக் கொள்ளுறவை.

சாப்பாடு: உடம்பு எடையில கிலோவுக்கு நாளைக்கு 1.6 கிராம் அளவில புரதம், 70 கிலோ ஆளுக்கு 112 கிராம். ஒரே நேரத்தில இல்லை, ஒரு வேளைக்கு 28 கிராம் படி நாலு தரம். மூண்டு முட்டையும் அவிச்ச கௌபி ஒரு கப்பும் ஒரு வேளைக்கு வந்திடும். காலமை பாணும் சம்பலும், மத்தியானம் சோத்து மலையும், இரவில மட்டும் மீன் எண்ட வழக்கம்தான் பிரச்சினை. தண்ணிக்கு, நல்லா வேர்த்து ஆடின நாளில ஜீவனிப் பக்கற்றை (உப்பும் சீனியும் கலந்த நீரேற்றுத் தூள்) 1 லீற்றர் தண்ணியில கரைச்சுக் குடிச்சாக் காணும்.

ஒரு விசயத்தில கடுமையாச் சொல்லுவன். மட்சுக்கு முதல் டைக்ளோபெனக் (நோக் குளிசை) போட்டுக்கொண்டு இறங்கிறதை நிப்பாட்டுங்கோ. தண்ணி காய்ஞ்ச உடம்பில அந்த வகைக் குளிசை சிறுநீரகத்துக்குப் போற இரத்தத்தைக் குறைக்கும். வவுனியாப் பக்கம் சிறுநீரக நோய் எவ்வளவு எண்டு எல்லாருக்கும் தெரியும். அதோட, நோவை மறைச்சு விளையாடினா அரைக் கிழிசல் முழுக் கிழிசலாப் போகும்.

சீசனுக்கு முதல் பிறசர், சீனி, கொலஸ்திரோல், ஈசிஜி நாலும் பாருங்கோ. 35க்கு மேல கிறவுண்டில சுருண்டு விழுறதுக்குப் பெரும்பாலும் காரணம் இதயத்துக்குப் போற குழாய் அடைப்பு. ஓடேக்க நெஞ்சை அமத்தினா, தாடைக்கோ இடக்கைக்கோ நோ இறங்கினா, “வாய்வு” எண்டு சோடா குடிச்சுக்கொண்டு நிக்காம நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்கோ.

குளக்கட்டுக் காத்து:
நன்றி அக்கா. 38 வயது அடிக்கிற ஆள் ஒருத்தரை லிபரோவா மாத்துவமோ எண்டு யோசிக்கிறம். கை நல்லது, முழங்கால்தான் இல்லை.

மாங்குளம் சந்தி:
மாத்துங்கோ, ஆனா ரெண்டு மாதம் குடுங்கோ. பாயிறது இல்லாட்டிலும் கால் மடிச்சுத் தாழ நிக்கிறது முழங்காலுக்கு லேசில்லை, 20 செக்கன் இருப்பில இருந்து கூட்டிக்கொண்டு வாங்கோ. அடிச்சுப் பழகின ஆக்கள் லிபரோ ஆனா வழக்கமா விடுற பிழை ஒண்டிருக்கு. 3 மீற்றர் கோட்டுக்கு முன்னால நிண்டு விரலால தூக்கிக் குடுப்பினம். அந்தப் பந்தை மற்றவன் வலைக்கு மேல வைச்சு அடிச்சா புள்ளி எதிர்ப்பக்கத்துக்கு. கோட்டுக்குப் பின்னால நிண்டு விரலால குடுக்கலாம், முன்னால எண்டா முன்கையாலதான். அந்தக் கோட்டைச் சுண்ணாம்பால தடிப்பாப் போட்டு வைச்சுப் பழக்குங்கோ, கிறவல் நிலத்தில லேசாக் கீறின கோடு ரெண்டாவது செற்றிலயே அழிஞ்சு போகும்.