பேஸ்பால் கேமில் நல்ல டிரேடு பிடிப்பது எப்படி?

பிஎஸ்4-ல் எம்எல்பி தி ஷோ 24, ஃபிரான்சைஸ் மோடு (ஒரு அணியைப் பல சீசன் நாமே நிர்வகிப்பது), பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி. முதல் சீசனில் ஜூன் வந்துவிட்டது. அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்ளும் டிரேடுக்கு ஜூலை கடைசியில் கெடு. அதற்குள் ஒரு நல்ல ஸ்டார்ட்டிங் பிட்சர் (ஆட்டத்தின் தொடக்கத்திலிருந்து பந்து வீசுபவர்) வேண்டும்.

சுமாரான வீரர்கள் மூவரைச் சேர்த்துக் கொடுத்தாலும் எதிர் அணி மறுக்கிறது. ஏ கிரேடு பொட்டென்ஷியல் (இனி வளரக்கூடிய திறன்) உள்ள இருபது வயதுப் பையனைக் காட்டினால் உடனே சம்மதம். அவனை விட எனக்கு மனசே வரவில்லை, நாலு வருஷம் போனால் அணியே அவன்தான். மற்ற வீரர்களை டிரேடு பிளாக்கில் (டிரேடுக்குத் தருவோம் என்று காட்டும் பட்டியலில்) போட்டுப் பார்த்தேன். வந்ததெல்லாம் வயதான, சம்பளம் அதிகமான ஆட்கள். ஒப்பந்தம் முடியப்போகிறவர்களையும் கேட்டாயிற்று. இங்கே கிருஷ்ணகிரியில் எல்லாரும் கிரிக்கெட்தான், விசாரிக்க ஆளில்லை.

அந்தப் பையனை விடாமல் பிட்சரை வாங்க, எந்த மாதிரி அணியிடம் யாரைக் கொடுத்துக் கேட்க வேண்டும்?