மேல்வீட்டிலிருந்து வந்த பூசணி சூப்

மொன்றியல் அக்கா: 📷 எல்லோருக்கும் புத்தாண்டு வாழ்த்துகள். மேல்வீட்டு ஹெய்ட்டி அம்மா இப்போதுதான் கொண்டுவந்து தந்தார். ஐஸ்கிரீம் டப்பா, கை சுட்டது. மூடியைத் திறந்தால் கராம்பு வாசனை.

பெரியம்மா: நல்ல மஞ்சள் நிறம் பிள்ளை. பருப்பா?

மொன்றியல் அக்கா: பூசணிக்காய், பெரியம்மா. சூப் ஜூமு என்பார்கள். பூசணியை அவித்து மசித்து, கரட், கோவா, உருளைக்கிழங்கு, கடைசியில் மக்ரோனி. மாட்டிறைச்சியைத் தேசிக்காய் விட்டுக் கழுவி முதல் நாளே ஊறவைத்துவிடுவார். மிளகாய் மட்டும் முழுதாக மிதக்கும். வெடித்தால் பானை முழுக்க உறைப்பு.

பெரியம்மா: மாட்டிறைச்சி என்றால் நான் தொடமாட்டேன். அது சரி, வருடம் பிறக்கிற நாளில் ஏன் சூப்?

மொன்றியல் அக்கா: இன்று அவர்களுடைய சுதந்திர நாள். 1804 ஜனவரி 1. அதற்கு முன் ஹெய்ட்டி பிரான்சின் கையில் இருந்த சான் டொமாங் என்ற குடியேற்ற நாடு. ஆபிரிக்காவிலிருந்து பிடித்து வந்தவர்களைக் கரும்பு, கோப்பித் தோட்டங்களில் அடிமைகளாக வைத்திருந்தார்கள். பூசணியை வெட்டியது, அடுப்படியில் நின்றது எல்லாம் அவர்கள். குடித்தது எசமான்கள். சமைத்தவர்கள் வாயில் வைக்கக் கூடாது என்பது வழக்கம். விடுதலை வந்ததும் அந்தச் சூப்பையே எல்லோரும் குடித்தார்கள். இதைச் சொல்லும்போது அந்த அம்மாவுக்குக் குரல் தழுதழுத்துவிட்டது.

பெரியம்மா: ஐயோ. தான் சமைத்ததைத் தான் தின்ன முடியாமலா...

மாமா: 1791இல் தொடங்கிய கிளர்ச்சி அது. 1803 நவம்பரில் வெர்த்தியேர் என்ற இடத்தில் நெப்போலியனின் படையையே தோற்கடித்தார்கள். அவர்களுடைய படைத்தலைவர் டெஸ்ஸலின் கொனாயிவ் நகரில் சுதந்திரத்தை அறிவித்தார். பொறுக்க முடியாதது பிறகு நடந்ததுதான். 1825இல் பிரான்ஸ் போர்க்கப்பல்களை அனுப்பி, தோட்டமும் அடிமைகளும் போனதற்கு 150 மில்லியன் பிராங்க் இழப்பீடு கேட்டது. பிறகு 90 மில்லியனாகக் குறைத்தார்கள். அடிபட்டவனிடமே தண்டப்பணம்! எப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

நான்: அன்று சூப்பை எல்லோருக்கும் கொடுக்கச் சொன்னது டெஸ்ஸலினின் மனைவி மரி-கிளேர் என்று சொல்வார்கள். 2021 டிசம்பரில் யுனெஸ்கோவின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலிலும் இந்தச் சூப் சேர்ந்தது. ஹெய்ட்டியிலிருந்து அதில் இடம்பிடித்த முதல் மரபு இதுதான்.

மாமா: நம் மஞ்சள் பூசணியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்த காய்தான் அக்கா.

பெரியம்மா: அப்படியா! இறைச்சி போடாமல் செய்யலாமா பிள்ளை?

மொன்றியல் அக்கா: செய்யலாம். அளவு கேட்டு அனுப்புகிறேன்.

பெரியம்மா: டப்பாவை வெறுமையாகத் திருப்பிக் கொடுத்துவிடாதே.

மொன்றியல் அக்கா: நாளை அவர்களுக்கு மூதாதையர் நாள், வீட்டுக்கு ஆட்கள் வருவார்கள். நீங்கள் அனுப்பிய பயற்றம் பணியாரம் இருக்கிறது. காலையிலேயே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.