முதல் தலைவர்கள் பற்றித் தமிழில் ஏதும் இருக்கா?

அண்ணாமார், அக்காமார், ஒரு உதவி வேணும். மாங்குளத்தில் உயர்தரப் பிள்ளைகளுக்கு வரலாறு படிப்பிக்கிறேன். குடியேற்ற நாடுகள் விடுதலை பெற்ற விதம், முதல் தலைவரை யார் தெரிவு செய்தார்கள் என்பது பற்றித் தமிழில் ஏதும் இருந்தால் தாருங்கள். இந்தியா வேண்டாம், அது கொட்டிக் கிடக்கிறது.

கானாவும் இந்தோனேசியாவும்தான் தேவை. கானாவில் நிக்ருமா சிறையில் இருந்தபடியே 1951 தேர்தலில் வென்று, வெளியே வந்து அரசாங்கத்தை நடத்தி, 1957 மார்ச் 6 வரை பொறுத்துத்தான் விடுதலையை எடுத்தார். இந்தோனேசியாவில் சுகர்ணோ 1945 ஆகஸ்ட் 17இல் பிரகடனம் செய்ய, மறுநாளே ஒரு குழு அவரை ஜனாதிபதியாக்கியது, ஆனால் டச்சுக்காரர் ஒப்புக்கொள்ள 1949 டிசம்பர் ஆகிவிட்டது.

அப்புறம் எங்கள் பக்கத்துக் கதை ஒன்று. 1947இல் வவுனியாவில் சுயேச்சையாக வென்ற செல்லப்பா சுந்தரலிங்கம், இலங்கையின் முதல் பிரதமர் டி.எஸ். சேனநாயக்கவின் முதல் அமைச்சரவையில் வர்த்தக அமைச்சர். ஐக்கிய தேசியக் கட்சிக்கு அறுதிப் பெரும்பான்மை கிடைக்கவில்லை, சுயேச்சைகளின் கை தேவைப்பட்டது. அந்தத் தேர்தல் காலத்துத் துண்டுப்பிரசுரமோ பத்திரிகை நறுக்கோ யாரிடமாவது இருக்கா? 2009க்குப் பிறகு வன்னியில் பழைய கடதாசி மிஞ்சின வீடு குறைவு, அதனால் வெளிநாட்டில் இருக்கிறவர்களும் பெட்டிகளைக் கிளறிப் பாருங்கள். எழுத்துத் தெரிகிற மாதிரி பகல் வெளிச்சத்தில் போனில் எடுத்து அனுப்பினால் போதும்.