ஸ்லக்: முகவரிக்குள் வரும் பெயருக்கு ஒரு தமிழ்ச்சொல்

தெ., கோவை

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

எங்கள் உள்ளடக்கக் குழுவுக்குத் தமிழில் ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். கைத்தறிச் சேலை விற்கும் தளம். எழுதுகிறவர் ஒருவர், படம் ஏற்றுகிறவர் ஒருவர், வாட்ஸப்பிலும் குறுஞ்செய்தியிலும் வாடிக்கையாளருக்கு அனுப்புகிறவர் வேறொருவர் என்று கை மாறி மாறிப் போகிற வேலை. தலைப்பு, குறிச்சொல், பகுப்பு, வரைவு என்று மற்ற எல்லாவற்றுக்கும் பழகிய சொற்கள் இருக்கின்றன. எங்கள் தளத்தை நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸ்ஸில் 'ஸ்லக்' என்று ஒரு பெட்டி இருக்கிறதே, அதற்குத்தான் ஒன்றும் அகப்படவில்லை. ஆங்கில அகராதியைப் புரட்டினால் ஓடில்லாத நத்தை என்கிறது, துப்பாக்கிக் குண்டு என்கிறது. இரண்டையும் கையேட்டில் போட முடியாது.

ஓர் இணைய முகவரியில் தளத்தின் பெயரும் பிரிவின் பெயரும் போக, அந்தப் பக்கத்தை மட்டும் சுட்டுகிற சொற்கோவைதான் ஸ்லக். 'பொங்கல்-சலுகை' என்பது போல. ஒலிபெயர்த்தே எழுதிவிடலாமே என்று சிலர் சொல்வீர்கள். எனக்கு அதில் கொள்கைப் பகை ஒன்றும் இல்லை. பஸ்ஸில் ஏறி டிக்கெட் வாங்குகிறவள்தான் நானும். ஆனால் 'ஸ்லக்' என்ற சொல் எங்கள் எழுத்தாளர்களுக்கு எதையும் உணர்த்துவதில்லை. அதனால் அந்தப் பெட்டியைத் தொடாமலே விட்டுவிடுகிறார்கள்.

விட்டால் என்ன ஆகிறது என்று பாருங்கள். 'கைத்தறிச் சேலைகளைப் பராமரிப்பது எப்படி' என்று தலைப்பு வைத்தால், மென்பொருள் அந்தத் தலைப்பையே எடுத்து முகவரியில் ஒட்டிக்கொள்கிறது. அதுவும் முழுதாக இல்லை. 'கைத்தறிச்-சேலைகளைப்-பராம' என்று நடுச்சொல்லில் அறுந்து நிற்கிறது. அதை நகலெடுத்து வாட்ஸப்பில் ஒட்டினால் தமிழெல்லாம் மறைந்து, விழுக்காட்டுக் குறியும் எண்ணும் ரோமன் எழுத்தும் கலந்து வரி வரியாக நீள்கிறது. பெறுகிறவர் அதை மோசடி இணைப்பு என்று நினைத்து ஒதுக்கினால் அவர்மேல் தவறில்லை.

என் முன்மொழிவுகள் இரண்டு: 'உரலி வால்' (உரலி என்றால் யூஆர்எல், இணைய முகவரி), 'ஈற்றுப்பெயர்'. முகவரியின் கடைசியில் வருவதால் இப்படி. முதலாவது வாயில் எளிதாக வருகிறது. ஆனால் 'உங்கள் வால் நீளமாக இருக்கிறது, வெட்டுங்கள்' என்று அலுவலகத்தில் பேசிக்கொள்ள வேண்டியிருக்கும். இரண்டாவதில் இலக்கண வாசனை அடிக்கிறது. எனக்கு அது பிடித்திருக்கிறது.

ச., யாழ்ப்பாணம்

அக்கா, வணக்கம்.

அறுந்து நிற்பதன் காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒருங்குறியில், அதாவது எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோட் முறையில், அகரமேறிய மெய்க்கு ஒரு குறியீடு, கால், கொம்பு, புள்ளி ஆகியவற்றுக்குத் தனித்தனிக் குறியீடு. 'பொங்கல்' நமக்கு நான்கு எழுத்து. கணினிக்கு ஏழு குறியீடு. அவற்றைக் கணினி சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட். முகவரிக்குள் போகும்போது ஒவ்வொரு பைட்டும் மூன்று குறிகளாக விரியும். ஆக, குறியீடு ஒன்றுக்கு ஒன்பது. 'பொங்கல்' என்ற ஒரே சொல்லுக்கு 63. வேர்ட்பிரஸ் தன் தரவுத்தளத்தில் இந்தப் பெயருக்கு ஒதுக்கியிருக்கும் இடமோ 200. தமிழ்க் குறியீடு 22 சேர்ந்தால் நிறைந்துவிடும். உங்கள் தலைப்பை எண்ணிப் பார்த்தேன்: 'பராம'வின் மகரத்தோடு சரியாக 200.

கூகுளின் வலைப்பதிவுத் தளமான பிளாக்கரில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே தமிழ்த் தலைப்பைக் கண்டாலே கைவிட்டுவிட்டு, 'பிளாக்-போஸ்ட்' என்று எழுதிப் பின்னால் ஓர் எண்ணை ஒட்டிவிடும். பழைய வலைப்பதிவர்களுக்கு அந்த முகவரிகள் மறந்திருக்காது.

இனிச் சொல்லுக்கு வருகிறேன். 'ஈறு', 'வால்' இரண்டும் இடத்தைக் குறிப்பவை. ஸ்லக் எப்போதும் கடைசியில் வருவதில்லை. தி இந்து ஆங்கில நாளிதழின் தளத்தில் ஸ்லக்குக்குப் பின்னால் கட்டுரை எண் வரும். பிபிசி தமிழ்க் கட்டுரைகளின் முகவரியில் கடைசியில் இருப்பது வெறும் குறியெண். அங்கே ஸ்லக்கே கிடையாது. 'முகவரிப்பெயர்' என்றும் யோசித்தேன். அது தளத்தின் பெயரான ஆள்களப் பெயரோடு (டொமைன்) மோதும்; .இலங்கை, .இந்தியா, .சிங்கப்பூர் என்று ஆள்களங்களே தமிழில் இருக்கும்போது குழப்பம் இன்னும் கூடும். 'பக்கப்பெயர்' என்றால், பகுப்புக்கும் குறிச்சொல்லுக்கும்கூட ஸ்லக் உண்டே.

இவற்றைவிட நல்ல சொல் என்னிடம் இல்லை. மறுக்க மட்டும் வந்தேன்.

மு., சென்னை

அன்பு மகள் தெ.வுக்கும் தம்பி ச.வுக்கும்,

இது இணையத்தில் பிறந்த சொல் இல்லை. 1886இல் நியூயார்க் ட்ரிப்யூன் நாளிதழில் லினோடைப் எந்திரம் ஓடத் தொடங்கியது. எழுத்தெழுத்தாகக் கோக்காமல், ஒரு வரி முழுவதையும் ஒரே ஈயக் கட்டியாக வார்த்துத் தள்ளும். அந்தக் கட்டிக்கு ஸ்லக் என்று பெயர். செய்தி மேசையில் ஒவ்வொரு செய்திக்கும் வைக்கும் வேலைப்பெயருக்கும் அதே சொல் வந்து சேர்ந்தது.

நான் துணையாசிரியராக இருந்த நாளிதழில், டெலிபிரிண்டரில் வரும் செய்தியின் தலையில் ஆங்கிலத்தில் ஓரிரு சொல் இருக்கும். மொழிபெயர்த்த தாளின் மூலையில் நாங்கள் அதைத் தமிழில் எழுதுவோம். 'புயல்-கடலூர்' என்று வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் 'புயல் சின்னம் வலுவடைகிறது' என்று தலைப்பு. இரவில் 'கரையைக் கடக்கிறது'. வெளியூர்ப் பதிப்பு போன பிறகு நகரப் பதிப்புக்குச் சேத விவரத்தோடு வேறொரு தலைப்பு. தலைப்பு எத்தனை மாறினாலும் மூலையில் இருக்கும் 'புயல்-கடலூர்' மாறாது. அச்சுக்கோப்பவர், மெய்ப்புப் பார்ப்பவர், பக்கம் கட்டுபவர் எல்லோரும் 'புயல்-கடலூர் வந்துவிட்டதா?' என்றுதான் குரல் கொடுப்பார்கள். அதை மாற்றினால் அன்றிரவு செய்தி தொலைந்தது என்று பொருள்.

நம் வீடுகளில் சான்றிதழில் ஒரு பெயரும் கூப்பிட ஒரு பெயரும் இருப்பதில்லையா, தலைப்புக்கும் ஸ்லக்குக்கும் அந்த உறவுதான். எங்கே நிற்கிறது என்பதை வைத்துப் பெயரிடாதீர்கள், எதற்குப் பயன்படுகிறது என்பதை வைத்துப் பெயரிடுங்கள். என் பரிந்துரை 'விளிபெயர்'. விளித்த பெயர், விளிக்கிற பெயர், விளிக்கும் பெயர், வினைத்தொகை. ஒற்று மிகாது. 'விளிப்பெயர்' என்று எழுதிவிட்டால் எட்டாம் வேற்றுமைப் பக்கம் போய்விடும், கவனம்.

ச., யாழ்ப்பாணம்

ஐயா, தலைப்பு மாறும், பெயர் மாறாது என்று நீங்கள் சொன்னதைத்தான் வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீயும் 1998இல் இணைய முகவரிகளைப் பற்றி எழுதினார். ஒரு முறை கொடுத்த முகவரியை மாற்றக் கூடாது என்பது அவர் கட்சி.

ஆனால் விளிதல் என்றால் இறத்தலும்தானே? 'விளிந்தாரின் வேறல்லர் மன்ற' என்கிறது குறள் 143. இணைப்பு அறுந்து, 'பக்கம் இல்லை' என்று 404 காட்டும் பக்கத்தை 'விளிந்த விளிபெயர்' என்று எழுதிக்கொள்ளலாம் என்ற வசதி ஒன்று உண்டு. மற்றபடி புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் இந்தச் சொல்லைப் பார்த்து எதை நினைப்பார் என்பதில் எனக்கு ஐயம் இருக்கிறது.

தெ., கோவை

ஐயாவுக்கும் தம்பிக்கும் நன்றி. ஈற்றுப்பெயரைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

கூப்பிடுதல்தான் இதன் உயிர் என்பதை ஏற்கிறேன். வினையை மட்டும் மாற்றுகிறேன்: 'அழைபெயர்'. ஐயா சொன்ன வினைத்தொகை அப்படியே இருக்கிறது, ஒற்றுச் சிக்கலும் இல்லை. எமன் அழைத்தான் என்று யாரும் மடல் போடாமல் இருந்தால் சரி. தனிமடலில் ஒருவர் 'நிலைப்பெயர்' என்று எழுதியிருந்தார். அழகான சொல். ஆனால் வரைவாக இருக்கும் வரை இந்தப் பெயரை விருப்பம்போல் மாற்றலாம். அப்போது 'நிலை' பொய்யாகிவிடும். பக்கத்தின் நிலையான முழு முகவரியான பெர்மாலிங்க் என்பதற்கு என்றாவது சொல் தேடும்போது 'நிலை' கைகொடுக்கும், அதுவரை எடுத்து வைப்போம்.

சொல் வேலைக்கு ஆகிறதா என்று பார்க்க, கையேட்டின் அந்தப் பகுதியை எழுதிப் பார்த்தேன்:

"அழைபெயரை வெளியிடும் முன்பே நீங்களே எழுதிவிடுங்கள். இரண்டு மூன்று சொல் போதும்: 'சேலை-பராமரிப்பு'. சொற்களுக்கு நடுவில் சிறுகோடு போடுங்கள், அடிக்கோடு வேண்டாம். கூகுளின் பரிந்துரையும் அதுவே. தலைப்பில் 'ஏழு வழிகள்' என்று இருந்தாலும் அழைபெயரில் எண் வேண்டாம், நாளை எட்டாவது வழி ஒன்றைச் சேர்ப்பீர்கள். ஆண்டுதோறும் திரும்பி வரும் பக்கத்தில் ஆண்டையும் சேர்க்காதீர்கள். தலைப்பு 'பொங்கல் சலுகை 2026' என்று இருக்கட்டும். அழைபெயர் 'பொங்கல்-சலுகை' என்று நின்றால் அடுத்த தை மாதமும் அதே முகவரி, முன்பு பகிர்ந்தவர்களின் இணைப்பும் வீணாகாது.

"தமிழ் எழுத்தா, ரோமன் எழுத்தா என்பது பக்கம் எங்கே போகப்போகிறது என்பதைப் பொறுத்தது. தேடி வந்து படிக்கும் கட்டுரைகளுக்குத் தமிழ் அழைபெயர் நல்லது. வாசகரின் மொழிச் சொற்களையே முகவரியில் வையுங்கள் என்று கூகுளும் சொல்கிறது. ஆனால் 22 குறியீட்டைத் தாண்டாதீர்கள். குறுஞ்செய்தியிலும் அச்சிலும் போகும் பக்கங்களுக்கு ரோமன் எழுத்து. தமிழ்க் குறுஞ்செய்தி ஒன்றுக்கு 70 எழுத்துதான் இடம். தமிழில் எழுதிய 'பொங்கல்-சலுகை' விரிந்தால் அதுவே 109. முகவரி நீள நீள க்யூஆர் குறியீட்டின் கட்டங்களும் நெருங்கிப்போகும்; சேலையில் தொங்கும் விலைச்சீட்டில் அச்சிட்டால் கைப்பேசி திணறும். ரோமனில் எழுதும்போது ழகரத்துக்கு எந்த எழுத்து, தீபாவளியை எப்படி எழுதுவது என்று ஆளுக்கொரு வழி போகாமல், குழுவின் ஷீட்டில் பார்த்து எழுதுங்கள்.

"வெளியிட்ட பிறகு தலைப்பை எத்தனை முறையும் மாற்றலாம். அழைபெயர் தானாக மாறாது, நீங்களும் மாற்றாதீர்கள். மாற்றியே தீர வேண்டுமென்றால் பழையதிலிருந்து புதியதற்கு 301 எனும் நிரந்தர வழிமாற்று போடச் சொல்லுங்கள். வேர்ட்பிரஸ் இதைப் பதிவுகளுக்கு (போஸ்ட்) தானே செய்துவிடும், பக்கங்களுக்கு (பேஜ்) செய்யாது. அழைபெயரின் பின்னால் நீங்கள் எழுதாத '-2' ஒன்று முளைத்திருந்தால், அந்தப் பெயரை வேறொன்று பிடித்துக்கொண்டிருக்கிறது. பக்கமாக இருந்தால் படங்களின் கிடங்கிலும் தேடுங்கள். அதே பெயருள்ள படக்கோப்பை யாராவது முன்பே ஏற்றியிருக்கலாம்."

எழுதும்போது சொல் எங்கும் முரண்டு பிடிக்கவில்லை. 'அழைபெயர் மோதல்', 'அழைபெயராக்கு', 'தானியங்கு அழைபெயர்' எல்லாம் தடையில்லாமல் வருகின்றன. 'வழிமாற்று' என்பதைச் சிலர் 'திசைமாற்று' என்று எழுதுகிறார்கள். போகும் இடத்தை மாற்றாமல் பாதையை மட்டும் மாற்றுவதால் எனக்கு 'வழி' சரியாகப் படுகிறது. மறுப்பு இருந்தால் சொல்லுங்கள். கையேடு அச்சுக்குப் போகாது, கணினியிலேயே திருத்திக்கொள்ளலாம்.

மு., சென்னை

மகளே, விளி போனதில் எனக்கு வருத்தமில்லை. அழைபெயர் நன்றாக இருக்கிறது. 'வழிமாற்று' என்பதும் சரி.

'தானியங்கு அழைபெயர்' மட்டும் வேண்டாம். தானாக இயங்குவது மென்பொருள், பெயர் அன்று. யாரும் கவனிக்காமல் விட்ட பெட்டியில் தானே முளைக்கிற பெயருக்கு நம்மிடம் ஏற்கெனவே சொல் இருக்கிறது: 'தான்தோன்றி அழைபெயர்' என்று எழுதுங்கள். '-பராம' என்று அறுந்து நிற்பதைக் காட்டி இதைச் சொன்னால், உங்கள் குழுவில் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.