பூட்டனுக்குப் பூட்டன் ஜேர்மன்காரனாம், எங்கே தொடங்கித் தேடுவது?

விசுவமடு வாணி:

எல்லோருக்கும் வணக்கம். அம்மம்மா இருக்கும்வரை ஒரு கதை சொல்லிக்கொண்டே இருப்பா. தன் பூட்டனுக்குப் பூட்டன் ஜேர்மன்காரனாம், ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) பட்டாளத்தில் கப்பலேறி வந்து யாழ்ப்பாணக் கோட்டையில் இருந்தவனாம், திரும்பிப் போகாமல் இங்கேயே கல்யாணம் கட்டினவனாம். நாங்கள் அப்போது சிரித்துவிட்டுப் போய்விடுவோம். அம்மம்மாவின் தகப்பன் பறங்கியர், ஐரோப்பியர் வழிவந்தவர், என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். குடியேற்றத் திட்டத்தோடு வன்னிக்கு வந்த பிறகு எங்கள் வீட்டில் அந்தப் பக்கத்துப் பேச்சே இல்லை.

தகரப் பெட்டிக்குள் ஒரு பழைய பைபிள் இருந்தது, அதன் முதல் பக்கங்களில் யார் எப்போது பிறந்தார், எப்போது செத்தார் என்று எழுதி இருந்தது. 2009இல் இடம்பெயர்ந்து ஓடும்போது புதுக்குடியிருப்புப் பக்கம் பங்கருக்குள் வைத்துவிட்டு வந்தோம், அதோடு போச்சு. இப்போது கையில் இருப்பது அம்மம்மாவின் தாய் தகப்பனின் விவாகப் பதிவுப் பிரதி ஒன்றுதான், அதுவும் கனடாவில் இருக்கும் மாமா போட்டோ எடுத்து அனுப்பியது. அதில் குடும்பப் பெயர் மில்லர் என்று இருக்கிறது. ஆனால் அம்மம்மா எப்போதும் முல்டர் என்றுதான் சொல்வா. மில்லர் இங்கிலீஷ்காரன் பெயர்தானே, அப்போ ஜேர்மன் கதை பொய்யா? டிஎன்ஏ சோதனை செய்தால் தெரியுமா?

குளக்கட்டான்:

தங்கச்சி, கற்சிலைமடுவில் வன்னி மன்னன் பண்டாரவன்னியனைத் தோற்கடித்ததாகக் கல்லு நட்டார்களே, 1803 ஒக்டோபர் 31 என்று, அதில் உள்ள கப்டன் பெயர் வொன் டிரிபேர்க். வொன் என்பது ஜேர்மன் பெயர்களில் வருவது, ஒல்லாந்தர் என்றால் வான். பார்த்துத் தேடுங்கோ, சொந்தக்காரன் என்று வந்துவிட்டால் ஒட்டுசுட்டான் பக்கம் தலைகாட்ட ஏலாது 😄

நெடுங்கேணி வாத்தியார்:

பிள்ளை, பகிடியை விடுங்கோ. முதலில் ஜேர்மனியை மறந்துவிட்டு உங்கள் வீட்டில் இருந்து மேலே ஏறுங்கள். எல்லோரும் செய்கிற பிழை, இணையத்தில் மில்லர் என்று தட்டிவிட்டு எந்த மில்லர் வந்தாலும் அவர்தான் என்று முடிவு கட்டுவது.

அந்த விவாகப் பதிவில் மாப்பிள்ளையின் தகப்பன் பெயர் இருக்கும். அதை வைத்து அவரின் பிறப்பைத் தேடுங்கள், பிறகு அவரின் தகப்பன். இங்கே பிறப்பு இறப்புப் பதிவு 1867 கட்டளைச் சட்டத்தோடுதான் ஒழுங்காகத் தொடங்கியது. வன்னியில் எரிந்ததும் தொலைந்ததும் கனக்க, ஆனால் பதிவுகளை இரட்டைப் பிரதியாகத்தான் எழுதுவார்கள், ஒன்று கொழும்புக்குப் போகும். அங்கே மாளிகாவத்தையில் மத்திய ஆவண அறை இருக்கிறது. என் சொந்தப் பிறப்புப் பதிவுக்கு ஒரு கந்தோரில் மூன்று தரம் அலைந்தேன், கிளாக்கர் ஒவ்வொரு தரமும் வருடத்தைப் பிழையாக எழுதினார், ஆகையால் விண்ணப்பத்தில் வருடத்தை ஒன்றுக்கு இரண்டாக எழுதிக் காட்டுங்கள்.

அதற்கு முந்திய காலத்துக்குக் கோயில் பதிவேடுதான். யாழ்ப்பாணக் கோட்டைக்குள் இருந்த ஒல்லாந்தர் தேவாலயம் போரில் இடிந்துபோனது, ஆனால் கொழும்பு வுல்ஃபெண்டால் தேவாலயத்தில் பழைய ஞானஸ்நான, விவாகப் பதிவேடுகள் இருக்கின்றன. இன்னொன்று, ஒல்லாந்தப் பறங்கியர் சங்கம் 1908 முதல் ஒரு சஞ்சிகை வெளியிட்டது, அதில் குடும்பம் குடும்பமாக வம்சாவளி போட்டிருக்கிறார்கள். உங்கள் பெயர் அதில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஆனால் யாழ்ப்பாணத்து ஏழைப் பறங்கியரை அவர்கள் பெரிதாகக் கணக்கில் எடுக்கவில்லை என்பது என் அபிப்பிராயம், அதனால் இல்லை என்றால் மனம் விட வேண்டாம்.

ஸ்டுட்கார்ட் முல்லை:

வாணி, நான் முள்ளியவளைப் பிள்ளை, இங்கே வந்து இருபது வருடம். கதை பொய் இல்லாமல் இருக்கலாம். டொச், அதாவது ஜேர்மன் மொழியில் மியூல்லர் என்றால் மாவரைக்கிற ஆலைக்காரன். அதே சொல் ஒல்லாந்தில் முல்டர், இங்கிலீஷில் மில்லர். பட்டாளத்தில் சேர்க்கும்போது ஒல்லாந்துக் கிளாக்கர் காதில் விழுந்தபடி எழுதுவார், பிறகு இங்கிலீஷ்காரன் ஆட்சி வந்ததும் இன்னொருமுறை மாறும். யோஹான் ஹைன்ரிஷ் என்றால் யான் ஹென்ட்ரிக் ஆகும், பிறகு ஜோன் ஹென்றி. ஊர்ப்பெயரும் இதே கதிதான், நாங்கள் கேல்ன் என்று சொல்லும் நகரத்தைக் கோய்லன் என்று எழுதி வைத்திருப்பார்கள்.

ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பட்டாளத்தில் 18ஆம் நூற்றாண்டில் பெரும்பாலானவர்கள் டொச் பேசுகிற இடங்களில் இருந்து வந்த ஏழைப் பொடியன்கள்தான். மாதம் ஒன்பது கில்டர் (ஒல்லாந்துக் காசு) சம்பளம், அதிலும் ஏறும்போதே 150 கில்டர் வரை கடன் பத்திரம் எழுதி வாங்கிவிடுவார்கள், அந்தக் கடனைத் தீர்க்கவே வருடங்கள் போய்விடும். எங்கள் ஆட்கள் ஏஜென்சிக்குக் காசு கட்டி வந்த கதை மாதிரி என்று அதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வேறு மாதிரியும் இருந்தது.

நல்ல செய்தி என்னவென்றால் கடன் கணக்கு எழுதியதால்தான் பெயரும் மிஞ்சியது. கப்பல் சம்பளப் புத்தகங்களை நெதர்லாந்துத் தேசிய ஆவணக்காப்பகம் இணையத்தில் தேடக்கூடிய மாதிரிப் போட்டிருக்கிறது, ஏறக்குறைய 1699 முதல் 1794 வரை, இலவசம். பெயர், சொந்த ஊர், கப்பல், புறப்பட்ட நாள், சேவை எப்போது ஏன் முடிந்தது, எல்லாம் இருக்கும். சொந்த ஊர்தான் சாவி. ஜேர்மனி என்ற தனி நாடு 1871இல்தான் வந்தது, அதற்கு முன் சின்னச் சின்ன இராச்சியங்கள், ஆகவே மொத்தமாக ஜேர்மனியில் தேட ஒரு பெட்டகமும் இல்லை. நாடு முழுவதும் அரசப் பதிவு 1876இல்தான் தொடங்கியது, அதற்கு முன் அந்த ஊர்த் தேவாலயப் புத்தகம்தான். அதை இணையத்தில் பார்க்க, புரட்டஸ்தாந்து என்றால் ஆர்க்கியோன் என்ற தளம் (காசு கட்ட வேண்டும்), கத்தோலிக்கம் என்றால் மாட்ரிகுலா என்ற தளம் (இலவசம், ஆனால் எல்லா மறைமாவட்டமும் இல்லை).

இன்னொரு சந்தர்ப்பமும் உண்டு. 1780களின் கடைசியில் எங்கள் இந்த வூர்ட்டெம்பேர்க் பிரபு கார்ல் ஒய்கன் ஏறக்குறைய இரண்டாயிரம் பேர் கொண்ட ஒரு படையணியையே கம்பெனிக்கு விற்றார். தென்னாபிரிக்காவின் கேப் நகரம் போய், அதில் ஒரு பகுதி இலங்கைக்கும் வந்தது. உங்கள் ஆள் அந்தக் காலம் என்றால் சொல்லுங்கள், இங்குள்ள ஆவணக்காப்பகத்தில் நான் போய்க் கேட்கிறேன்.

டிஎன்ஏ வேண்டாம். எட்டாவது தலைமுறை என்றால் 256 பேரில் அவர் ஒருவர். காசுக்குக் கேடு. இதைக் காட்டி விசா எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் அதையும் நம்பாதேங்கோ.

விசுவமடு வாணி:

முல்லை அக்கா, வாத்தியார் ஐயா, நன்றி. ராத்திரி முழுக்க அந்த நெதர்லாந்துத் தளத்தில் இருந்தேன். முல்டர், முல்லர், மியூலர் என்று மாற்றி மாற்றிப் போட்டால் எண்ண முடியாத அளவு வருகிறது, எல்லோருக்கும் யோஹான் என்றுதான் பெயர்! சரி, ஐயா சொன்ன மாதிரி கீழேயிருந்தே வருகிறேன், விவாகப் பதிவை வைத்து அடுத்த கிழமை கொழும்புக்கு விண்ணப்பம் போடப் போகிறேன்.

அக்கா, ஒரு விசயம். மாமா அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் ஓரத்தில் வேறு கையெழுத்தில் ஏதோ ஒரு சொல் இருக்கிறது, இங்கிலீஷ் எழுத்து மாதிரி இல்லை, எல்லாம் கூராக, மேலும் கீழும் போகிறது. அது பழைய டொச் கையெழுத்தோ?

ஸ்டுட்கார்ட் முல்லை:

கூரான எழுத்து என்றால் அதுவாக இருக்கலாம். படத்தைத் தனிச் செய்தியில் போடுங்கோ, முழுப் பக்கமும் வேணும், அந்தச் சொல்லை மட்டும் வெட்டி அனுப்பாதேங்கோ. மற்ற எழுத்துகளோடு ஒப்பிட்டுத்தான் வாசிக்கலாம்.