வெளிநாட்டு ரெசிடென்சிகள்: இன்னும் மனதை விடாத ஒரு கணம்

தாமிரபரணி:

எழுத்தாளர்களும் கலைஞர்களும் சில வாரம் தங்கித் தம் வேலையைச் செய்ய இடம் தரும் ரெசிடென்சிகளுக்கு, அதாவது உறைவிடத் திட்டங்களுக்கு, விண்ணப்பிப்பது எப்படி என்று எழுதுபவர்கள் நிறைய இருக்கிறார்கள். போய்வந்த பிறகு எது உறுத்திக்கொண்டிருக்கிறது என்று அதிகம் பேர் எழுதி நான் பார்த்ததில்லை என்பதால் நானே தொடங்குகிறேன். நான் சென்றது அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் பீட்டர்பரோவில் உள்ள மெக்டவல். இசையமைப்பாளர் எட்வர்ட் மெக்டவலும் அவருடைய மனைவி மரியனும் 1907-இல் தொடங்கிய இடம் அது என்பதும், காட்டுக்குள் ஆளுக்கொரு குடில் தருவார்கள் என்பதும், மதிய உணவைக் கூடையில் கொண்டுவந்து திண்ணையில் சத்தமின்றி வைத்துவிட்டுப் போவார்கள் என்பதும் இங்கே பலருக்கும் தெரிந்தவைதான்.

என்னை விடாதவை குடிலின் சுவரில் மாட்டியிருந்த மரப்பலகைகள். தங்கியவர்கள் புறப்படும்போது தம் பெயரை அவற்றில் எழுதிவிட்டுப் போவது வழக்கம்; அவற்றைக் ‘கல்லறைக் கற்கள்’ என்றே அங்கே அழைக்கிறார்கள். அமெரிக்க எழுத்தாளர்கள் தார்ன்டன் வைல்டரும் ஜேம்ஸ் பால்ட்வினும் தங்கி எழுதிய வளாகம் அது. பழைய பலகைகளில் மை வெளிறிப் பழுப்பேறி, மரத்தின் ரேகை எது, எழுத்து எது என்று பிரித்தறிய முடியாமல் கிடந்தது. முதல் வாரம் முழுவதும் நான் அந்தப் பெயர்களைத்தான் வாசித்துக்கொண்டிருந்தேன். கடைசி நாள் காலையில் பேனாவுடன் பலகையின் முன் நின்றபோதுதான், எந்த மொழியில் எழுதுவது என்ற கேள்வி அதுவரை எனக்குள் எழவே இல்லை என்பது உறைத்தது. ஐந்து வாரம் தமிழில் மட்டுமே எழுதியிருந்தேன். அந்தப் பலகையில் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. வெளியே வண்டி காத்திருந்தது. ஆங்கிலத்தில் எழுதிவிட்டுக் கிளம்பினேன். மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன. பேனா முனை ஒரு கணம் தயங்கியதால் முதலெழுத்தின் அடியில் விழுந்த மைப்பொட்டு இன்னும் கண்முன் நிற்கிறது.

இரண்டாம் மொழி:

நான் மொழிபெயர்ப்பாளன். ஜெர்மனியில், நெதர்லாந்து எல்லையை ஒட்டிய ஸ்ட்ராலன் என்ற சிற்றூரில், மொழிபெயர்ப்பாளர்களுக்கென்றே 1978-இல் தொடங்கப்பட்ட இல்லத்தில் ஆறு வாரம் இருந்தேன். அதைத் தொடங்குவதில் முன்னின்றவர் அந்த ஊரில் பிறந்த எல்மார் டோப்ஹோவன், நாடகாசிரியர் சாமுவேல் பெக்கெட்டை ஜெர்மனுக்குக் கொண்டுசென்றவர். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்கள் அந்த இல்லத்தில் இருக்கின்றன. தங்கும் அறைகளிலும் அலமாரிகள்தாம்.

நான் மொழிபெயர்த்துக்கொண்டிருந்த நாவலில் ஒரு பாட்டி சூப்பைக் கரண்டியால் ருசி பார்த்துவிட்டு, அதே கரண்டியைப் பாத்திரத்துக்குள் விட்டுக் கிளறி, பேரனுக்கு ஊற்றிக் கொடுக்கிறாள். மூலத்தில் அது பாசம் ததும்பும் வரி. தமிழில் அதை எப்படி எழுதினாலும் வாசகர் மனதில் ‘எச்சில்’ என்ற சொல் வந்து உட்கார்ந்துவிடும். அந்தச் சொல் வந்தால், தீட்டும், பந்தியும், யார் உண்ட இலையை யார் எடுப்பது என்ற கேள்வியும் அதன் பின்னாலேயே அந்த ஜெர்மன் அடுக்களைக்குள் நுழைந்துவிடும். நான்கு நாள் அந்த வரியிலேயே நின்றேன்.

ஐந்தாம் நாள் இரவு, பொதுச் சமையலறையில், போலந்திலிருந்து வந்திருந்த ஒரு மூத்த பெண்மணி பீட்ரூட் சூப் வைத்துக்கொண்டிருந்தார். என் நான்கு நாள் தவிப்பைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டே மரக்கரண்டியால் ஒரு வாய் எடுத்து உறிஞ்சிப் பார்த்தார், உப்புப் போட்டார், அதே கரண்டியை உள்ளே விட்டுக் கிளறினார், ஒரு கிண்ணத்தில் ஊற்றி என் முன்னால் வைத்தார். பசியில்லை என்று சொல்லிவிட்டேன். அந்தச் சொல்லை நாவலுக்குள் விடக் கூடாது என்று நான்கு நாள் போராடியவனின் கை, அந்தக் கிண்ணத்தை நோக்கிப் போகவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் கிண்ணத்தைத் தம் பக்கம் நகர்த்திக்கொண்டார். மேசைமேல் அது இருந்த இடத்தில் சிவப்பாக ஒரு வளையம் மட்டும் நின்றது.

கொல்லிமலை:

தாமிரபரணி அவர்களுக்கு: நீங்கள் செய்தது பிழை என்றே நினைக்கிறேன், மறைத்துச் சொல்ல மனமில்லை. அடுத்து வருபவர் வாசிக்க வேண்டும் என்று நீங்கள் எண்ணியிருக்கலாம். ஆனால் வாசிக்க முடியாத ஓர் எழுத்தைப் பார்த்து ‘இது எந்த மொழி?’ என்று ஒருவர் நின்று கேட்டிருந்தால், ஐந்து வாரம் அந்தக் குடிலில் என்ன நடந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேறென்ன வேண்டும்? உங்களைத் தமிழில் எழுதுபவர் என்றுதானே அழைத்தார்கள்?

என் அனுபவம் அமெரிக்காவின் அயோவா நகரத்துடையது. 1967-இல் பால் எங்கிளும் ஹுவாலிங் நியே எங்கிளும் தொடங்கிய சர்வதேச எழுத்துத் திட்டத்துக்கு 1973-இல் சென்ற அசோகமித்திரன், பின்னர் அந்த அனுபவங்களை ‘ஒற்றன்’ நாவல் ஆக்கியதால், தமிழ் வாசகர்களுக்கு அந்த ஊரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. எனக்குக் கிடைத்த அறை ஆற்றைப் பார்த்திருந்தது. நல்ல மேசை, நல்ல விளக்கு, முழு அமைதி. சேலத்தில் ஓர் அச்சகத்தின் மாடியில் இருபது வருடம் எழுதியவன் நான். கீழே இயந்திரம் நின்றால் மேலே எனக்கு வேலை நின்றுவிடும். மூன்று வாரம் ஒரு வரி நகரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, காசு போட்டுத் துவைக்கும் சலவை நிலையத்தில் துணி மூட்டையுடன் உட்கார்ந்திருந்தேன். வரிசையாக எல்லா இயந்திரங்களும் ஓடிக்கொண்டிருந்தன. உலர்த்தும் இயந்திரம் ஒன்றில் யாருடைய சட்டைப் பித்தானோ கண்ணாடியில் ‘டக், டக்’ என்று மோதிக்கொண்டே இருந்தது. சலவைப்பொடி வாங்கிய ரசீதின் பின்புறத்தில் முதல் வரி வந்தது. அதன் பிறகு துவைக்கத் துணி இல்லாத நாட்களிலும் அங்கே போய் உட்கார்ந்தேன். கொடுத்த அறையில் நான் எழுதவில்லை என்பதைக் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. சொல்வது நன்றிகெட்டதனமாகத் தோன்றியது.

அரைப்பக்கம்:

நான் போகவே இல்லை. இருந்தாலும் இங்கே எழுதலாம் என்று நினைக்கிறேன். ஐரோப்பாவில் ஒரு மலைக்கிராமத்தில் இரண்டு மாத உறைவிடம். பயணம், அறை, உணவு எல்லாம் அவர்கள் செலவு. அழைப்புக் கடிதம் இருந்தது. முப்பதாயிரம் யூரோவுக்கான மருத்துவக் காப்பீடும் இருந்தது. இல்லாதது சம்பளச் சீட்டு ஒன்றுதான்.

விசா அலுவலகத்தில் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் இருந்தவர் இளைஞர், மரியாதையாகவே பேசினார். “எழுத்தாளர் என்பதற்கு ஆதாரம் ஏதாவது இருக்கிறதா, சார்?” என்று கேட்டார். என் நான்கு நூல்களையும் பையிலிருந்து எடுத்து வைத்தேன். மேலிருந்த நூலின் அட்டையில் என் பெயரை அவர் வாய்விட்டு வாசித்தார். பிறகு கடவுச்சீட்டைப் பார்த்தார். இரண்டும் ஒரே பெயர் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். “ஆங்கிலத்தில் எங்கேயும் பெயர் இல்லையே, சார். கோப்பில் வைக்க முடியாது” என்று நூல்களைத் தடுப்பின் இடைவெளி வழியே ஒவ்வொன்றாகத் திருப்பித் தள்ளினார். இரண்டு வாரம் கழித்து வந்த தாளில், நான் திரும்பி வருவேன் என்பதில் நியாயமான ஐயம் இருப்பதாகக் குறித்திருந்தார்கள். மறுப்பைவிட, அந்தப் பிள்ளை என் பெயரைப் பிழையில்லாமல், ‘ழ’கரம் சுத்தமாக, வாசித்துவிட்டு அதைத் திருப்பித் தந்ததுதான் என்னை விடவில்லை.

தேரிக்காடு:

அரைப்பக்கம் ஐயா, படித்து மனம் கனத்துவிட்டது. நான் ஓவியர். பாரிஸில் 1965 முதல் இயங்கும் சித்தே இன்டர்நேஷனல் தெஸ் ஆர் என்ற கலைஞர் உறைவிட வளாகத்தில் மூன்று மாதம் இருந்தேன். எங்கள் ஊர்த் தேரியின் செம்மண்ணைப் பொட்டலமாகக் கொண்டுபோய்ப் பசையில் குழைத்து வரைந்தேன். பாரிஸின் குளிர்கால வெளிச்சத்தில் அது மங்கித் தெரிந்ததால் மேலும் மேலும் பூசினேன். ஊருக்கு வந்து முற்றத்து வெயிலில் ஓவியத் துணிகளை விரித்தபோது ஒவ்வொன்றும் இரத்தக் காயம்போல எரிந்தது. மூன்று மாத வேலையும் வேறு ஒரு சூரியனுக்காகச் செய்ததாக ஆகிவிட்டது.

உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். அடுத்த நூலிலிருந்து பதிப்பு விவரப் பக்கத்தில் ஆசிரியர் பெயரைக் கடவுச்சீட்டில் உள்ள அதே எழுத்துக்கூட்டலில் ஆங்கிலத்திலும் அச்சிடச் சொல்லுங்கள். பதிப்பாளரிடம் உரிமைத்தொகை பற்றி ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று ஆண்டு வருமானவரிக் கணக்கு, தொகை குறைவாக இருந்தாலும், தாக்கல் செய்திருப்பது நல்லது. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். 180 நாட்களில் 90 நாளுக்கு மேல் தங்கும் திட்டமென்றால் அந்தந்த நாட்டின் நீண்டகால விசா வேறு, அதன் ஆவணங்களும் வேறு. இன்னொன்று, ‘ரெசிடென்சி’ என்று பெயர் இருந்தாலே இலவசம் என்று நம்ப வேண்டாம்: மெக்டவல் தங்குபவரிடம் கட்டணம் வாங்குவதில்லை, நான் இருந்த இடத்தில் மாதக் கட்டணம் உண்டு, ஆகவே அழைப்பு வந்த மகிழ்ச்சியில் கையெழுத்திடாமல் யார் எதற்குப் பணம் கொடுக்கிறார்கள் என்று வரி வரியாகப் படித்துவிடுங்கள். அயோவாவைப் பொறுத்தவரை, 2025 பிப்ரவரியில் அமெரிக்க வெளியுறவுத் துறை அதற்கான மானியங்களை நிறுத்தியது. ஏறக்குறைய பத்து லட்சம் டாலர் போனதாக அவர்களே அறிவித்தார்கள். அரசு நிதி இருந்த காலத்திலும், அந்த நிதியில் ஜே-1 என்ற பரிமாற்றத் திட்ட விசாவில் சென்றவர்கள் ஊர் திரும்பி இரண்டு ஆண்டு இருந்த பிறகே அங்கே குடியேற்றத்துக்கு விண்ணப்பிக்க முடியும் என்ற விதி இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, பத்துப் பக்க ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்றை நல்ல கையிடம் கொடுத்து, உரிய பணமும் கொடுத்துச் செய்து வைத்துக்கொள்ளுங்கள். தேர்வுக் குழுவினர் உங்கள் தமிழைப் படிக்கப்போவதில்லை, அந்தப் பத்துப் பக்கத்தைத்தான் படிப்பார்கள்.

அரைப்பக்கம்:

தேரிக்காடு அவர்களின் அக்கறைக்கு நன்றி. வருமானவரிக் கணக்கும் பதிப்பாளர் கடிதமும் அன்று என் கோப்பில் இருந்தன. ஆனால் எனக்கு வயது அறுபத்திரண்டு. அடுத்த நூலில் பெயரை ஆங்கிலத்தில் அச்சிடுவது பற்றி யோசித்துப் பார்த்தேன், மனம் ஒப்பவில்லை. கொல்லிமலை அவர்கள் தாமிரபரணியிடம் கேட்ட கேள்வியை நான் மறுபுறத்திலிருந்து பார்க்கிறேன். பெயரைத் தமிழில் எழுதாமல் வந்தவருக்கு ஒரு வலி, தமிழில் எழுதியிருந்ததால் போக முடியாதவனுக்கு ஒரு வலி. தாமிரபரணி அம்மாவைக் குறைசொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தாமிரபரணி:

நன்றி ஐயா. கொல்லிமலை சொன்னதிலும் எனக்கு மறுப்பில்லை. வண்டி காத்திருந்தது என்பது காரணமல்ல, ஒரு நிமிடம் காத்திருக்கச் சொல்லியிருக்கலாம். அறுபது எழுபது பெயர்களுக்கு நடுவே என் பெயர் மட்டும் வேறாகத் தெரியும் என்ற கூச்சம்தான் அது. இரண்டாம் மொழி அவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும்: அந்த வரி கடைசியில் எப்படி அச்சானது?

இரண்டாம் மொழி:

‘பாட்டி ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, கரண்டியை உள்ளே விட்டுக் கிளறினாள்’ என்றே எழுதி அனுப்பினேன். மெய்ப்புப் பார்த்தவர் அந்த வரியின் ஓரத்தில் பென்சிலால் ‘எச்சில்?’ என்று குறித்துத் திருப்பி அனுப்பினார். பென்சில் குறியை அழித்துவிட்டு, வரியை அப்படியே விட்டேன். போலந்துப் பெண்மணிக்கு நூலின் ஒரு பிரதியை அனுப்பினேன். அந்தப் பக்கத்தில் ஒரு தாளைச் செருகி, அன்றிரவு எனக்குப் பசி இருந்தது என்று ஜெர்மனில் எழுதியிருந்தேன். பதில் இன்னும் வரவில்லை.